தெற்கு எந்தப் பக்கம்

முப்பது வருஷத்துக்கு மேல் தில்லியில் மத்திய அரசாங்கத்துக்குக் கோப்பு தள்ளியவன் நான். அத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்த வழிகள் மொத்தம் இரண்டு. ஒன்று வீட்டிலிருந்து ஆபீசுக்கு, இன்னொன்று ஆபீசிலிருந்து வீட்டுக்கு. இரண்டும் ஒரே சாலைதானே என்று கேட்காதீர்கள். திரும்பி வரும்போது மரமெல்லாம் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்ளும்.

இந்த யோக்கியதையோடு தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினேன். வாங்கிய மாதத்திலேயே புது தில்லியின் கோல் சக்கர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டன. கோல் சக்கர் என்றால் ரவுண்டானா. நடுவில் புல், அதைச் சுற்றி ஆறேழு சாலைகள். எல்லாச் சாலையிலும் வேப்பமரம், எல்லா வேப்பமரத்துக்குப் பின்னாலும் ஒரு வெள்ளை பங்களா, எல்லா பங்களா வாசலிலும் துப்பாக்கியோடு ஒருத்தர். எதில் வந்தோம், எதில் போக வேண்டும் என்று எவனுக்குத் தெரியும்? ஒருநாள் ஒரே சக்கரத்தை நாலாவது தடவையாகச் சுற்றும்போது, போலீஸ்காரர் விசிலடித்து நிறுத்தி ஜன்னலில் குனிந்தார்.

“க்யா பாபுஜி, பரிக்ரமா கர் ரஹே ஹோ?”

பிரதட்சிணமா பண்ணுகிறீர் என்று கேட்கிறார். பக்கத்து சீட்டிலிருந்த என் மனைவி, அவர் போகிறவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “கும்பிட்டது போதும். மேக்க போற ரோட்டப் புடிங்க.”

இந்த ‘மேக்க’தான் எங்கள் இல்லறத்தின் நிரந்தர வழக்கு. அவள் திருநெல்வேலிப் பக்கம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இடது, வலது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரோடு முடிந்துபோன சமாச்சாரம். “ஒங்களுக்குக் கெழக்க இருக்க கரண்டிய எடுங்க” என்பாள். “சட்டையில தெக்க ஒரு கறை இருக்கு பாருங்க” என்பாள். சட்டைக்கு ஏது தெற்கு? நான் நிற்கிற நிலையில் இருக்கிறதாம். நானோ செங்கல்பட்டு ஆள். எங்களுக்கு இடது வலதுதான். அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தால் காற்றில் ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்த்து, எந்தக் கை எழுதுகிறது என்று தெரிந்துகொண்டபின்தான் திரும்புவேன்.

அவளுக்கு மட்டும் தில்லி எப்படி அத்துப்படி ஆயிற்று என்றால், பஸ்ஸில். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து கோல் மார்க்கெட் பக்கத்து ஆபீசுக்கு இருபது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் போய் வந்தவள். கூட்டத்துக்கு நடுவில், ஜன்னலே தெரியாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, “இப்ப வண்டி வடக்க திரும்புது” என்று சொல்லக்கூடியவள். ரயிலில், உறவுக்காரர் வீட்டில், லாட்ஜில், எங்கே போனாலும் யாரையும் கேட்காமல் படுக்கையைத் தெற்கே தலை இருக்கும்படி போட்டுவிடுவாள். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. அதில் அவள் மிகவும் கண்டிப்பு. மற்றபடி சாமி விஷயத்தில்கூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து நான் ரிட்டையர் ஆனேன். வழியனுப்பு விழாவில் மற்றவர்களுக்கெல்லாம் சுவர்க்கடிகாரம் கொடுப்பது வழக்கம். எனக்கு மட்டும் காரில் ஒட்டுகிற வழிகாட்டிக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அப்போது அது புதுசு. உள்ளங்கை அளவு டிவி, பின்னால் ரப்பர் குடுமி. அதைக் கண்ணாடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். செக்‌ஷன் ஆபீசர் மைக்கில், “சார் இனிமேல் ஆபீசுக்கு வர வேண்டாம். ஆனால் வழி தவறி வந்துவிடக் கூடாது என்பதற்காக” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரையும்விட நான்தான் அதிகம் தட்டினேன். என்னைப் பற்றிய ஜோக்கை இன்னொருத்தன் எனக்கு முந்திச் சொல்லிவிட்டால் எனக்குப் பொறுக்காது.

அன்றைக்கே என் அசிஸ்டென்ட் அதில் ‘வீடு’ என்ற பொத்தானுக்கு எங்கள் கிட்வாய் நகர் விலாசத்தைப் போட்டுக் கொடுத்தார். சின்ன வீட்டுப் படம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் போதும், தில்லியில் எங்கே இருந்தாலும் வீட்டில் கொண்டுபோய்விடும். சில மாதங்களில் அந்த வீட்டைக் காலி செய்து அரசாங்கத்திடம் சாவியைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் அதுதானே வீடு!

கருவிக்குள் ஒரு பெண்மணி இருந்தாள். நல்ல இங்கிலீஷ். கோபமே கிடையாது. நான் தப்பாகத் திரும்பினால் ஒரு கணம் மௌனம், பிறகு “ரீகால்குலேட்டிங்” என்பாள். என் மனைவியாக இருந்தால் அந்த ஒரு கணத்தில் என் பரம்பரையே வந்துபோயிருக்கும்.

“ஒங்க மேடம் என்ன சொல்லுதா?” என்பாள் மனைவி.

“முந்நூறு மீட்டர்ல லெஃப்ட்டாம்.”

“லெஃப்ட்ல ரூட் போட்டிருக்கான். போலீஸ் நிக்கி பாருங்க. எவனோ பெரிய ஆளு வாரான். வடக்க போயிச் சுத்துங்க.”

சுற்றினால் பதினைந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடுவோம். மேடம் மட்டும் வழியெல்லாம் “ரீகால்குலேட்டிங், ரீகால்குலேட்டிங்” என்று ஜபம் பண்ணிக்கொண்டு வருவாள். மந்திரி கார் போகிற சாலையை அடைப்பார்கள் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், பாவம். காரை நிறுத்தினால் கருவியைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டுப் போக முடியாது, திருடிக்கொண்டு போய்விடுவார்கள். அதைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொள்வது மனைவியின் வேலை. சக்களத்தியை இடுப்பில் சுமந்த ஒரே பத்தினி என்று அவளை ஊரெல்லாம் அறிமுகப்படுத்தினேன். “ஆமா, புருஷன் லட்சணம் அப்படி” என்பாள் அவள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து மயூர் விஹாரில், எங்கள் கூட்டுறவு சொசைட்டி ஃபிளாட்டுக்கு வந்தோம். முதல் நாளே எனக்குப் புரிகிற மாதிரி ஒரு விதி போட்டுக் கொடுத்தாள். “படுக்கிற ரூம்ல ஜன்னல் இருக்க பக்கம் தெக்கு. ஜன்னல் பக்கம் தலைய வைங்க. அவ்வளவுதான். யோசிக்காதீய.” நானும் யோசிக்கவில்லை. ‘வீடு’ பொத்தானை மாற்றவும் யோசிக்கவில்லை. எப்படி மாற்றுவது என்று தெரியாது. கற்றுத்தரப் பக்கத்தில் அசிஸ்டென்ட்டும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் மனைவி தோற்க ஆரம்பித்தாள்.

முதலில் நிஜாமுதீன் பாலத்தைத் தாண்டியதும் “தெக்க” என்றாள். மேடம் நேரே போகச் சொன்னாள். நான் வழக்கம்போல் மனைவி பேச்சைக் கேட்டுத் திரும்பி, முட்டுச்சந்தில் ஒரு எருமைத் தொழுவத்தின் முன்னால் போய் நின்றேன். பனிமூட்டம், சூரியனையே காணோம், அதனால்தான் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் பனி இல்லாத பகலில், லோதி ரோட்டில் அதே மாதிரி நடந்தது. அதற்கடுத்து மலைக் கோயில் முருகனைப் பார்க்கப் போகும்போது. நான் கைகொட்டிச் சிரித்தேன். இத்தனை வருஷம் கார் பூராவும் நான் ஒருத்தன்தானே முட்டாள்? துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

பொங்கலுக்கு சொசைட்டித் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் கூடினோம். சாப்பாட்டுக்குப் பிறகு, ஏதாவது சொல்லுங்களேன் சார் என்றார்கள். கேட்கவா வேண்டும்! எழுந்து நின்றேன். ஒரு பக்கம் திரும்பி மேடம் மாதிரி “டர்ன் லெஃப்ட்” என்றேன். இன்னொரு பக்கம் திரும்பி, முந்தானையை இழுத்துச் செருகுகிற பாவனையில், “அவ கெடக்கா, தெக்க திரும்புங்க” என்றேன். பிறகு எருமையாக நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். எருமைக்கு நல்ல வரவேற்பு. “ஒன்ஸ் மோர் அங்கிள்!” என்று இளசுகள் கத்தினார்கள். பண்ணினேன், இன்னும் கொஞ்சம் இழுத்து.

மனைவி அடுக்களை வாசலில் காலித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். வீடு அதே பிளாக்கில், இரண்டு மாடி மேலே. படியேறும்போது, “எல்லாருக்கும் சொல்லணுமா அத?” என்றாள்.

“சும்மா தமாஷுக்குத்தானே!”

“ஆங்” என்றாள்.

அதற்குப் பிறகு காரில் அவள் வழி சொல்வதை நிறுத்திவிட்டாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டு வருவாள். கோபம், இறங்கிவிடும் என்று நினைத்தேன். போதாக்குறைக்கு அதையும் ஒரு நண்பரிடம் டெலிபோனில் சொன்னேன்: “மேடம் ஜெயிச்சுட்டா சார், எதிர்க்கட்சி வெளிநடப்பு.”

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். பால் பூத்துக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், படுக்கையறையில் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருக்கிறது. வெயில் அவள் பாதத்தில் இருக்கிறது.

எனக்குத் திசை தெரியாது. ஆனால் ஜன்னல் தெரியும். ஜன்னல் பக்கம் தலை இருக்க வேண்டும், கால் இருக்கிறது. தலையணையை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டு, விரிப்பின் சுருக்கமெல்லாம் நீவி ஒழுங்காகப் படுத்திருக்கிறாள். தெரியாமல் புரண்டு வந்த மாதிரி இல்லை.

அப்போதும் என் வாய் சும்மா இல்லை. “ஏம்மா, என்ன இது, வடக்க தலைய வெச்சு எமனுக்குச் சீட்டுப் போட்டு வெச்சிருக்கே?”

கண் விழித்தாள். எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “இதுதான தெக்கு?”

அவள் கை வடக்கே நீண்டிருந்தது. இருபத்தேழு வருஷத்தில் அவள் என்னிடம் திசை கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள். “கொஞ்ச மாசமாவே இப்படித்தான். முந்தியெல்லாம் உள்ளுக்குள்ள ஒண்ணு சுத்திச் சுத்திச் சரியா வந்து நிக்கும். இப்ப சுத்துது, நிக்க மாட்டேங்கு. நேத்து பூத்துலருந்து வாரேன், நம்ம பிளாக்கு எதுன்னு தெரியல. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன்.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா அதையும் தமாஷாக்கிடுவீய.”

பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டி என் வேட்டி நனைந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ மேலதிகாரிகள் என்னைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை.

டாக்டரிடம் போனோம். என்ன கிழமை, என்ன வருஷம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள் என்றார். அவள் டாண் டாணென்று சொன்னாள். நான் அதற்குள் தொண்ணூற்று மூன்றில் நின்றுகொண்டிருந்தேன். வயசுதான், டென்ஷன்தான் என்றார் டாக்டர். நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில், “டாக்டர் சாப், இன்கா தக்ஷிண் கோ கயா” என்றேன். இவருடைய தெற்கு தொலைந்துவிட்டது. டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைக் கவனமாகப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வட்டமிட்டுப் பேசுகிற கிழவன், முகத்தில் பழக்க தோஷத்தில் ஒரு சிரிப்பு வேறு. ஒரு வருஷம் கழித்து ஸ்கேன், பரிசோதனை எல்லாம் முடிந்து, அவரே அந்த நோயின் பெயரைச் சொன்னார். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, திரும்ப விரியாது என்றார். அன்று கிழமை கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. காரில் உட்கார்ந்ததும், “வீட்டுக்குப் போலாம்” என்றாள். என் கண் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. கருவியில் அந்தச் சின்ன வீட்டுப் படத்தைத் தொட்டேன். மேடம் சொன்னபடி திரும்பினேன், சொன்னபடி போனேன். செக்குமாடு மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, வந்துவிட்டோம் என்றாள் மேடம். மயூர் விஹார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா, எப்படிப் பத்து நிமிஷத்தில் என்று நிமிர்ந்து பார்த்தால், கிட்வாய் நகர். எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் வாசல்.

நான் ரிவர்ஸ் போடுவதற்குள் அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். கைப்பையைத் திறந்து சாவி தேடுகிறாள். வாசலில் யாருடைய பிள்ளையின் சைக்கிளோ இருந்தது. கொடியில் யாருடைய உடுப்போ காய்ந்தது. ஓரத்தில் அவள் வைத்த கறிவேப்பிலை மட்டும் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. உள்ளிருந்து ஒரு பஞ்சாபிப் பெண் வந்தாள்.

“ஜி, கிஸ்ஸே மில்னா ஹை?” யாரைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, “ஹமாரா கர் ஹை” என்றாள். எங்கள் வீடு.

நான் பின்னால் நின்று கையைக் கூப்பினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ. “ஹான் ஆன்ட்டிஜி, ஆப் ஹீ கா ஹை. பைட்டியே” என்றாள். ஆமாம், உங்களுடையதேதான், உட்காருங்கள் என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

மனைவி உட்காரவில்லை. செடியிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை கிள்ளி முகர்ந்தாள். பிறகு, நான் எதுவும் கேட்கவில்லை, தானாகவே கையை நீட்டினாள். “தெக்க வாய்க்கால் அடைச்சிருக்கு பாருங்க. என்ட்டச் சொல்லாம யாரு குப்பை போட்டா?”

ரிங் ரோடு இருக்கிற பக்கம். தெற்கேதான். சரியாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் அந்தப் பொத்தானை மாற்றக் கற்றுக்கொண்டேன். ஆனால் மாற்றவில்லை. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அவளைக் கிட்வாய் நகருக்குக் கூட்டிப்போவேன். அந்தப் பஞ்சாபிப் பெண் தண்ணீர் கொடுப்பாள். ஒரு கொத்து கறிவேப்பிலை, பத்து நிமிஷம். அங்கே நிற்கும்போது அவளுக்கு நாலு திசையும் இருந்தது. மேற்கே துணி துவைக்கிற கல், வடக்கே பக்கத்து வீட்டுக்காரியின் ரேடியோ. இரண்டும் இப்போது இல்லை. இருந்த இடம் சரி. கிளம்பும்போது நான் மேடத்தின் வாயை அடைத்துவிடுவேன். “தெக்க போயி ரிங் ரோட்டப் புடிங்க. அங்கேருந்து கெழக்க” என்று பழைய அதிகாரத்தோடு அவள் சொல்லிக்கொண்டு வருவாள். சவுத் எக்ஸ்டென்ஷன் வரை வரும். சில நாள் லாஜ்பத் நகர் வரை. ஆசிரமம் சந்திப்புக்கு முன்னால் குரல் நின்றுவிடும்.

அங்கிருந்து நான் சொல்ல வேண்டும். ஆமாம், நான்தான்! பொங்கலன்று எருமை வேஷம் போட்டவன், அறுபது வயசுக்கு மேல் திசை படித்துக்கொண்டேன். காலையில் சூரியன் எங்கே, ஜன்னல் எங்கே என்று மொட்டைமாடியில் நின்று மனப்பாடம் செய்தேன்.

“இப்ப கெழக்க போறோம்மா.”

“நெசமாவா?”

“கண்ணாடில பாரு, சூரியன் நமக்குப் பின்னாடி விழுது. அப்ப நாம போறது கிழக்குதானே?”

கண்ணாடியை எட்டிப் பார்ப்பாள். “பரவால்லியே” என்பாள். “ஒங்களுக்கு யாரு சொல்லித் தந்தா?”

நீதான் என்பேன். நம்ப மாட்டாள். பாலத்தின் மேல் ஏறியதும், “எங்க போறோம்?” என்று கேட்பாள். வீட்டுக்கு என்பேன். இப்பத்தானே வீட்டிலிருந்து வருகிறோம் என்பாள். அதற்கு என்னிடம் ஒரு ஜோக்கும் கிடையாது.

மூன்றாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஐந்தே நாளில் போய்விட்டாள். விடியற்காலையில் அக்கம்பக்கத்துத் தமிழர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் கிளம்பியிருந்தாள். ஹாலில் சோபாவை நகர்த்தி இடம் பண்ணினார்கள். உடம்பைத் தெற்கே தலை வைத்துக் கிடத்த வேண்டும். அங்கேதான் சிக்கல். “தெற்கு எந்தப் பக்கம்?” என்றார் ஒருவர். வாசல் பக்கம் என்றார் இன்னொருவர். இல்லை, லிஃப்ட் பக்கம். வெளியே ஒரே பனி, சூரியன் இல்லை. ஒரு பையன் செல்போனை எடுத்து அதில் காட்டுமா என்று பார்த்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? பொங்கலுக்கு அத்தனை பேரும் இருந்தவர்கள்தானே.

நான் எழுந்து போய், அவள் தலையணையை எடுத்துத் தெற்கே போட்டேன்.